ஆயில் விலகும் கணம்

பழைய பைக்கை விலை பேச வருகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது மீட்டரை. புதுச்சேரிப் பக்கத்தில் வில்லியனூரானாலும் பாகூரானாலும் இதில் மாற்றமில்லை. 42,000 என்றிருந்தால் முகம் மலர்கிறது. 91,000 என்றால் விலை இறங்குகிறது. பழைய வண்டிகள் பலவற்றின் மீட்டரில் கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கங்கள்தான் உண்டு. 99,999ஐத் தாண்டியதும் அது மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். கேபிள் அறுந்து வருடக்கணக்கில் அப்படியே ஓடிய வண்டிகளும் ஏராளம். ஆனால் மீட்டர் உண்மையையே சொன்னாலும்கூட இன்ஜினின் மிச்ச ஆயுளைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. அது ஏன் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

ஓட்டத்தின் அளவிலிருந்து தொடங்கலாம். ஹீரோ ஹோண்டா 1985இல் சிடி 100ஐயும் 1994இல் ஸ்ப்ளெண்டரையும் கொண்டுவந்தது. இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து இன்ஜின்: 97.2 சிசி, 50 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர், அதற்குள் 49.5 மி.மீ. தூரம் ஏறி இறங்கும் பிஸ்டன். 1958இல் ஜப்பானில் பிறந்து, 2017இல் 10 கோடி வண்டிகளைத் தாண்டிய ஹோண்டா சூப்பர் கப்பின் வழியில் வந்த இன்ஜின் இது. டாப் கியரில் ஒரு கிலோமீட்டர் போக இது 6,000 முறைக்கு மேல் சுழல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறுவதால் 99 மி.மீ. உரசல். ஆக, வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பிஸ்டன் சிலிண்டர் சுவரோடு ஏறத்தாழ 600 மீட்டர் பயணம் செய்துவிடுகிறது. வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் பிஸ்டன் ஓடியது 60,000 கிலோமீட்டர். பூமியை ஒன்றரை முறை சுற்றிவரும் தூரம் அது. நன்றாகப் பராமரித்த வண்டியில், அத்தனை தூர உரசலுக்குப் பிறகும் சிலிண்டர் தேய்ந்திருப்பது பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும்.

எனக்கு இந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது. உலோகமும் உலோகமும் உண்மையிலேயே உரசியிருந்தால் இது நடக்கவே முடியாது.

தேய்மானத்துக்கு ஒரு எளிய விதியை 1953இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஆர்ச்சர்ட் வெளியிட்டார். எவ்வளவு பொருள் தேய்ந்துபோகும் என்பது, அழுத்தும் சுமையையும் உரசிய தூரத்தையும் பெருக்கி, பொருளின் கடினத்தன்மையால் வகுத்ததைப் பொறுத்தது. இதைக் கேட்டதும் மீட்டர் பார்ப்பவர் சொல்வதுதான் சரியோ என்று தோன்றும். தூரம் கூடினால் தேய்மானம் கூடுகிறதே. ஆனால் அந்தச் சூத்திரத்தில் இன்னொரு எண்ணும் பெருக்கலில் நிற்கிறது. இரண்டு பரப்புகளுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. காய்ந்த உலோகத்தோடு காய்ந்த உலோகம் உரசும்போது அது இருக்கும் அளவுக்கும், நடுவில் நல்ல எண்ணெய் இருக்கும்போது அது இருக்கும் அளவுக்கும் லட்சம் மடங்குக்குமேல் வித்தியாசம் இருக்கலாம். தூரம் இரட்டித்தால் தேய்மானம் இரட்டிக்கும், அவ்வளவுதான். எண்ணெய் விலகினால் தேய்மானம் எங்கேயோ போய்விடும். இன்ஜினின் ஆயுளைத் தின்பது அது ஓடிய கிலோமீட்டர்கள் அல்ல, ஆயில் இல்லாமல் உலோகங்கள் தொட்டுக்கொண்ட கணங்கள்.

அந்தக் கணங்கள் எப்போது வருகின்றன? ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902 வாக்கிலேயே பேரிங்குகளை வைத்து இதை அளந்தார். வேகம் போதுமான அளவு இருந்தால், நகரும் பரப்பு தனக்கு முன்னே உள்ள எண்ணெயைத் தானே இழுத்து அடியில் திணித்துக்கொண்டு அதன்மேல் மிதக்கும். வேகம் குறையக் குறையப் படலம் மெலிந்து, ஒரு கட்டத்தில் இரண்டு பரப்புகளின் மேடுகளும் தொட்டுக்கொள்ளும். பிஸ்டனுக்கு இது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நேர்கிறது. மேலே போய்த் திரும்பும் இடத்திலும் கீழே போய்த் திரும்பும் இடத்திலும் அதன் வேகம் பூஜ்யம். கீழ்முனையில் பெரிய தொல்லை இல்லை. மேல்முனையில் நிலைமை வேறு. அங்கேதான் பெட்ரோல் எரிகிறது, அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது, அந்த அழுத்தம் ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு தள்ளுகிறது, வெப்பத்தால் எண்ணெயும் நீர்த்துப்போயிருக்கிறது. எல்லாக் கெடுதலும் கூடும் அந்த இடத்தில்தான் சிலிண்டர் அதிகம் தேய்கிறது. பழைய இன்ஜினைக் கழற்றும் மெக்கானிக் சிலிண்டரின் வாயருகே உள்ளே விரல் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். மேல் ரிங் போய் நிற்கும் இடத்தில் நகம் ஒரு சிறு படியில் இடறினால், அந்த இன்ஜினின் வரலாறு அவர் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

தேய்மானம் வட்டமாகவும் நடப்பதில்லை. கனெக்டிங் ராடு சாய்ந்து நின்று தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரிலேயே அதிகம் சாய்கிறது. நாளடைவில் வட்டச் சிலிண்டர் சற்றே நீள்வட்டமாகிறது. வெறும் ரிங் மட்டும் மாற்றினால் சில மாதங்களில் புகை திரும்ப வருவதற்கு இதுவே காரணம். வட்டமான புது ரிங் நீள்வட்டச் சுவரோடு எப்படி ஒட்டும்?

புல்லட்டை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த அந்த வண்டியைத் தயாரிப்பதற்காக 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூர் ஆலையில் அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் அரை நூற்றாண்டு தாண்டியும் தயாரானது. 350 சிசி புல்லட்டின் சிலிண்டர் 70 மி.மீ. விட்டம், பிஸ்டன் போகும் தூரம் 90 மி.மீ. டாப் கியரில் ஒரு கிலோமீட்டருக்கு அது சுழல்வது 2,500 முறை அளவில்தான். ஸ்ப்ளெண்டரின் பாதிகூட இல்லை. நிதானமாகச் சுழல்வதால் அது சாகாது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அந்தப் பழைய புல்லட்டில் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளைகள் கிடையாது. எண்ணெயில் மிதக்கும் ஒரு புஷ்தான். எண்ணெய் அழுத்தத்தோடு வந்து சேரும்வரை அந்தப் புஷ்ஷுக்கு வேறு பாதுகாப்பு இல்லை. காலையில் கிக்கரை மிதித்ததும் ஆக்சிலேட்டரை முறுக்கிச் சத்தம் கேட்டு ரசிப்பவர், அந்தச் சத்தத்துக்காகக் கொடுக்கும் விலை பெரிது. நிதானமான சுழற்சி தந்த நன்மையை அவசரமான சில விநாடிகள் தின்றுவிடும்.

காலை ஸ்டார்ட் எல்லா இன்ஜினுக்குமே கடினமான நேரம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்து சேர்ந்துவிடுகிறது. ஹெட்டில் இருக்கும் கேம்ஷாஃப்டும் ராக்கர் ஆர்ம்களும் பம்ப்பிலிருந்து தொலைவில் உள்ளவை. அங்கே ஆயில் ஏறச் சில விநாடிகள் பிடிக்கும். அந்தச் சில விநாடிகளை அவை முந்தைய நாள் ஒட்டிக்கிடந்த மெல்லிய பூச்சோடு சமாளிக்கின்றன.

குளிர்ந்த இன்ஜினில் இன்னொரு பகையும் உண்டு. அது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலின் ஹைட்ரஜனும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? சூடான இன்ஜினில் அது ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். சுவர் ஆறியிருந்தால் அங்கேயே வியர்த்து, எரிதலில் உண்டாகும் அமிலங்களையும் சேர்த்துக்கொண்டு இரும்பை அரிக்கும். 1930களில் இங்கிலாந்தில் ஆட்டோமொபைல் பொறியாளர் கழகத்துக்காக சி.ஜி. வில்லியம்ஸ் செய்த ஆய்வுகள் இதை நிறுவின. அதுவரை உரசலே சிலிண்டரைத் தின்கிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு, குளிர்ந்த சுவரின் அரிப்பும் அதில் பெரும்பங்கு வகிக்கிறது என்பது புதுச் செய்தி.

நம் பக்கத்தில் இங்கிலாந்தின் குளிர் இல்லை. மார்கழியில்கூட விடிகாலை இருபது டிகிரி அளவில்தான் இருக்கும். காற்றால் குளிரும் சின்ன இன்ஜினின் சிலிண்டர் சில நிமிடங்களில் சூடேறிவிடும். ஆனால் அடியில் இருக்கும் ஆயில் சூடாக இன்னும் நேரம் வேண்டும். புதுச்சேரியின் கொம்யூன் கிராமங்களில் வண்டி ஓடும் விதத்தை நினைத்துப் பாருங்கள். விடிவதற்குள் பால் கேனோடு பாண்லே பால் சங்கத்துக்கு ஒரு நடை, திரும்பி வந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட ஒரு நடை, மோட்டார் போட வயலுக்கு ஒரு நடை, டீக்கடைக்கு ஒன்று, சாயங்காலம் கடைத்தெருவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோமீட்டர். ஆயிலில் சேர்ந்த தண்ணீரும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகுமளவுக்கு அது ஒருமுறையும் சூடாவதில்லை. தினமும் வில்லியனூரிலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வரும் வண்டி ஒரே வருடத்தில் மீட்டரில் இதைப்போலச் சில மடங்கு காட்டும். ஆனாலும் இரண்டில் ஒன்றை வாங்கச் சொன்னால் நான் விழுப்புரம் வண்டியைத்தான் எடுப்பேன்.

இனி தூசி. என் கணிப்பில் பழைய பைக் இன்ஜின்களின் முதல் எதிரி இதுதான். ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரில் ஒன்றரைக் கோடி லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றில் வரும் மணல்துகள் குவார்ட்ஸ்; சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிட, ரிங்கைத் தாங்கும் அலுமினியத்தைவிடக் கடினமானது. பெரிய துகள் ஆபத்தில்லை, அது ஃபில்டரில் நின்றுவிடும். மிக நுண்ணிய துகள் ஆயில் படலத்துக்குள் மிதந்து போய்விடும். படலத்தின் தடிமனுக்குச் சற்று மேலே, மைக்ரான் கணக்கில் இருக்கும் துகள்கள்தான் இரண்டு பரப்புகளையும் ஒரே நேரத்தில் தொட்டுக் கீறுகின்றன.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையே களமாகிறது. நெல் காய்கிறது, வைக்கோல் காய்கிறது, அதன்மேல் வண்டிகள் போகின்றன. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் உமியிலும் தாளிலும் சேர்த்துவைக்கும் பயிர். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சிலிக்காதான். அந்தச் சொணையும் தூசியும் பறக்கும் வாரங்களில் ஏர் ஃபில்டர் செய்யும் வேலை சாதாரண நாளைவிடப் பல மடங்கு. பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது ஸ்பாஞ்ச் ஃபில்டர். அதை மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். ஆயில் நனையாத ஸ்பாஞ்ச், நுண்துகளைப் பிடிக்காது. அது பொடிந்து கிழிந்ததும் கழற்றி எறிந்துவிட்டு, பிக்கப் கூடியிருக்கிறது என்று மகிழ்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது. பத்து வருடம் தாங்க வேண்டிய சிலிண்டரை இரண்டு அறுவடையில் முடிக்கும் வழி அது.

உள்ளே வந்த தூசியும் தேய்ந்த உலோகப் பொடியும் ஆயிலில்தான் சேர்கின்றன. சிடி 100, ஸ்ப்ளெண்டர் இன்ஜினில் கார்போலக் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு வலையும், கிராங்க்கின் முனையில் சுழலும் ஒரு கிண்ணமும்தான். சுழற்சியால் கனமான துகள்கள் கிண்ணத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி, கறுப்புச் சேறாகப் படிந்து நிற்கும். அருமையான ஏற்பாடு, ஆனால் யாராவது கிளட்ச் மூடியைத் திறந்து அந்தச் சேற்றை வழித்தெடுத்தால்தான். ஆயில் மாற்றுவோர் பலரும் அடி போல்ட்டைக் கழற்றி வடித்து, புதிது ஊற்றி முடித்துக்கொள்கிறார்கள். கிண்ணம் வருடக்கணக்கில் திறக்கப்படுவதில்லை.

அந்த இன்ஜினுக்குள் இருக்கும் மொத்த ஆயிலே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். அதில் கால் லிட்டர் எரிந்து குறைந்தாலும் விகிதத்தில் பெரிய இழப்பு. மிச்ச ஆயில் அதிகம் சூடாகும், அதிகம் நீர்க்கும், வேகமாகக் கறுக்கும். முதலில் பட்டினி கிடப்பது ஹெட். கேமின் மேடுகள் தேயும், ராக்கரின் முகம் குழியும், டைமிங் செயினின் ஒவ்வொரு பின்னும் சிறிது தேய்ந்து மொத்தச் செயினும் நீண்டுபோகும். செயின் நீண்டால் வால்வு திறக்கும் நேரம் தள்ளிப்போய்ப் பிக்கப் இறங்கும். இன்ஜினின் பக்கத்திலிருந்து சலசலவென்று ஒரு சத்தமும் வரும். அதை டாப்பெட் சத்தம் என்று நினைத்து டாப்பெட்டை இறுக்குகிறவர்கள் உண்டு. இடைவெளி இல்லாமல் இறுக்கினால் வால்வு முழுதாக மூடாது, அதன் ஓரம் எரிந்துபோகும்.

"அண்ணே, வண்டி ஆயில் குடிக்குதுண்ணே" என்று ஒருவர் வந்து நின்றால், விஷயம் தெரிந்த மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. "காலையில கிக் பண்ணதும் புகையா தம்பி, இல்ல ஓட்டும்போது முறுக்கினா புகையா?" என்று கேட்பார். இந்தக் கேள்வியில் முழு அறிவியலும் இருக்கிறது. ராத்திரி ஹெட்டில் தங்கிய ஆயில் தேய்ந்த வால்வு சீல் வழியே, கைடு வழியே சொட்டி இறங்கியிருந்தால், காலை முதல் கிக்கில் ஒரு நீலப்புகை வந்து நின்றுவிடும். அது ஹெட் வேலை. சிலிண்டரைத் தொட வேண்டியதில்லை. சுமையோடு முறுக்கும்போதெல்லாம் புகை தொடர்ந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். புகை கறுப்பாக இருந்தால் ஆயிலே காரணமல்ல; கார்புரேட்டரில் ஊசியும் ஜெட்டும் தேய்ந்து பெட்ரோல் அதிகம் போகிறது. இந்தக் கடைசி நோயைச் சின்னதாக நினைக்கக்கூடாது. அதிகமான பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி இறக்கிவிடும்.

பேரிங்குகள் வேறு விதமாகச் சாகின்றன. அவை தேய்வதில்லை, களைக்கின்றன. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளைகள் கோடிக்கணக்கான முறை அழுந்தி அழுந்தி, இரும்பின் மேற்பரப்புக்குச் சற்று அடியில் நுண்விரிசல் தொடங்கும். ஒருநாள் சிறு செதில் பெயரும். அங்கிருந்து சரிவு வேகமாகும். டொக் டொக் என்று ஆழத்திலிருந்து வரும் சத்தம் அதன் குரல். ஸ்வீடனில் லுண்ட்பெரியும் பால்ம்கிரெனும் வெளியிட்ட கணக்குப்படி, உருளை பேரிங்கின் மீதான சுமை இரட்டித்தால் அதன் ஆயுள் பாதியாகாது, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகும். இன்ஜினின் வேகம் இரட்டித்தால் பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை நான்கு மடங்காகும். கீழ் கியரிலேயே உறும உறும ஓட்டுவதும், நெல் மூட்டையை வைத்துக்கொண்டு டாப் கியரில் திணறத் திணற இழுக்கவைப்பதும் இரண்டு வழியில் ஒரே பேரிங்கைத்தான் வதைக்கின்றன.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் கதை தனி. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50, அதற்கு முன்னே ராஜ்தூத், யெஸ்டி, பின்னர் 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100 ஆகிய இவற்றில் தனியாக ஆயில் தேங்கி நின்று கிராங்க்கையும் பிஸ்டனையும் நனைப்பதில்லை. பெட்ரோலோடு உள்ளே வரும் சில சதவீத ஆயில்தான் எல்லாவற்றுக்கும் உயிர். அது எப்போதும் புது ஆயில் என்பது ஒரு நன்மை. அது எப்போதும் மிகக் கொஞ்சம் என்பது தீமை. ஒவ்வொரு சுற்றிலும் எரிதல் நடப்பதால் பிஸ்டனுக்கு ஓய்வும் இல்லை. சுவரில் வெட்டப்பட்ட வாசல்களின் மேல் ரிங் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. 2டி ஆயில் வாங்கக் காசில்லை என்று ஒருநாள் வெறும் பெட்ரோலில் ஓட்டினால் போதும். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும். பிஸ்டன் பருத்து, இடைவெளி மறைந்து, ஓடும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். முப்பது நாற்பதாயிரம் கிலோமீட்டருக்குள் போர் வேலை வருவது இவ்வண்டிகளில் சகஜம். ஆனால் வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. ஒரு மதியத்தில் பிரித்து மாட்டிவிடலாம். டி.வி.எஸ். நிறுவனமே 2015இல் எக்ஸ்.எல். வண்டியை ஃபோர் ஸ்ட்ரோக்காக மாற்றிய பிறகும், பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல்.கள் புல்கட்டு சுமப்பதைக் கிராமங்களில் காணலாம்.

மெதுவான தேய்மானத்தைப் பற்றியே இதுவரை பேசினோம். இனி ஒரே அடியில் வரும் அழிவு, வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்ட நீர், பாகூர் கொம்யூனில் தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. வீடூர் அணை நீர் சங்கராபரணியில் பெருகி வில்லியனூர்ப் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தது. வாசலில் நின்ற வண்டிகள் மூழ்கின. நாற்பது வருடத் தேய்மானம் செய்யாததை வெள்ளம் ஓரிரு நாளில் ஒரு இன்ஜினுக்குச் செய்துவிடும்.

தண்ணீர் சைலன்சர் வழியாகவும் ஏர் ஃபில்டர் வழியாகவும் உள்ளே போகிறது. வாயுவைப்போல அதை அமுக்கிச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது ஓடும் வேகத்தில் பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்துக்குள் வண்டியை முறுக்கிக்கொண்டு போகிறவருக்கு இது நேரும். நின்றபடி மூழ்கிய வண்டிக்கு ஆபத்து வேறு: ஆயில் தண்ணீரோடு கலந்து பால் ஊற்றிய டீயின் நிறத்துக்கு மாறியிருக்கும், அந்தக் கலவைக்குப் படலமாக நிற்கும் சக்தி கிடையாது. இன்னும் மோசமானது துரு. பேரிங் உருளையின் பளபளப்பான முகத்தில் ஒரு துருப்புள்ளி விழுந்தால் போதும், சற்றுமுன் சொன்ன நுண்விரிசல் அங்கிருந்து தொடங்கும். வெள்ளம் வடிந்து வண்டி ஓடத் தொடங்கி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த பிறகு, மாதங்கள் கழித்து கிராங்க் சத்தம் போடுவது இதனால்தான். மூழ்கிய வண்டியைக் கிக் செய்யாமல், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பெட்ரோலையும் ஆயிலையும் வடித்து, கையால் மெதுவாகச் சுழற்றி நீரை வெளியேற்றி, புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, அந்த ஆயிலையும் கொட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். எல்லாம் முதல் ஓரிரு நாளுக்குள் நடக்க வேண்டும். நிவாரண முகாமில் இருக்கும் குடும்பம் முதலில் வண்டியையா பார்க்கும்? பார்க்க முடியாது. அதனால்தான் அந்தப் பருவத்தில் அத்தனை இன்ஜின்கள் போயின.

எத்தனால் கலந்த பெட்ரோலையும் ஒருவரி சொல்லிக் கடக்கிறேன். 2025க்குள் நாடெங்கும் 20 சதவீதக் கலப்பு வந்துவிட்டது. பழைய கார்புரேட்டர் வெறும் பெட்ரோலுக்காக அளவெடுத்தது. எத்தனால் தன்னிடமே ஆக்சிஜன் வைத்திருப்பதால் கலவை மெலிந்து இன்ஜின் சற்றுச் சூடாக ஓடும், பழைய ரப்பர் குழாய்களும் வளையங்களும் உப்பும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியின் டேங்க்கில் அது ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஓட்டாமல் வைப்பதானால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவது நல்லது.

தேய்ந்த பிறகு என்ன? இங்கேதான் பழைய இன்ஜினின் மேன்மை தெரிகிறது. லேத் பட்டறையில் சிலிண்டரை 0.25 மி.மீ. பெரிதாக்கிக் கடைந்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டனும் ரிங்கும் போடலாம். அது தேய்ந்தால் 0.50, பிறகு 0.75, பிறகு 1.00. 50 மி.மீ. சிலிண்டர் 51 மி.மீ. ஆகும்போது 97 சிசி இன்ஜின் 101 சிசி ஆகியிருக்கும். அதற்கு மேலும் போக வேண்டுமானால் உள்ளே புது லைனர் இறக்கி மறுபடி 50இலிருந்து தொடங்கலாம். கடைந்ததும் ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட வேண்டும். கண்ணாடிபோல் வழவழப்பாக இருப்பதே நல்லது என்று நினைப்பது தவறு. அந்த நுண்கோடுகளில்தான் ஆயில் தங்குகிறது. போர் செய்த முதல் ஐந்நூறு, ஆயிரம் கிலோமீட்டரில் ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, அதற்குள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பறக்கக்கூடாது. இன்றைய உயர்வகை வண்டிகள் சிலவற்றில் சிலிண்டர் சுவர் நிக்கல், பீங்கான் பூச்சு கொண்டது. மிக நீண்டகாலம் உழைக்கும், ஆனால் பூச்சு போனால் கடைய முடியாது. முழுச் சிலிண்டரையும் மாற்ற வேண்டும். நீடிப்பதும் புதுப்பிக்க முடிவதும் வேறு வேறு குணங்கள். கிராமத்துக்குப் பின்னதே அதிகம் உதவுகிறது என்பது என் எண்ணம்.

ஆக, ஒரு பழைய இன்ஜினின் ஆயுளுக்கு எல்லை எது? பெரும்பாலும் சாமான் கிடைப்பது. யெஸ்டியைத் தயாரித்த மைசூரின் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டது. யெஸ்டிக்கு நல்ல கிராங்க் தேடுகிறவர் சென்னைப் புதுப்பேட்டை வரை அலைய வேண்டியிருக்கிறது. ஆர்.எக்ஸ்.100க்குக் கிடைப்பதில் டூப்ளிகேட் அதிகம். அளவில் பொருந்தும் பிஸ்டன், உலோகக் கலவையில் பொருந்தாமல் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஸ்ப்ளெண்டருக்கு அந்தக் கவலை இல்லை. கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டாலும் அதே 97.2 சிசி, அதே 50க்கு 49.5 அளவில் இன்றும் இன்ஜின் தயாராகிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய வண்டிக்கு வில்லியனூரிலேயே கடையில் பிஸ்டன் கேட்டு வாங்கலாம் என்றால், ஒரு அளவைக் கலைக்காமல் இத்தனை காலம் வைத்திருந்ததன் பயன் அது.

புதுப்பிக்க முடியாத பாகம் ஒன்று உண்டு: கேஸ். கிராங்க்கையும் கியர்களையும் தாங்கும் அந்த அலுமினியக் கூடு. பேரிங் உட்காரும் இடம் அதில் தளர்ந்துவிட்டால் பேரிங்கின் வெளிவளையமே சுழலத் தொடங்கி, மெத்தென்ற அலுமினியத்தை அரைக்கும். அதன்பின் எத்தனை புது பேரிங் போட்டாலும் நிற்காது. பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கும் இன்ஜின் நம்பரும் அதன்மேல்தான் அடிக்கப்பட்டிருக்கிறது. கேஸை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். பதினைந்து வருடம் முடிந்து ஐந்து வருடத்துக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது நம்பர் ஒத்துவர வேண்டும். பல கேஸ்கள் பாழாவது கிராங்க்கால் அல்ல, அடியில் உள்ள ஆயில் போல்ட்டால். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் கசியக்கூடாதே என்று பலம்கொண்ட மட்டும் முறுக்குவார்கள், அலுமினியத்தின் மரை உருவிக்கொண்டு வரும். புது வாஷர் ஒன்று போட்டு, நீளம் குறைந்த ஸ்பேனரால் அளவோடு இறுக்கினால் அது கசியாது.